அறுபத்தோராவது பிள்ளை

ஜூலை 29, ராத்திரி எட்டரை மணி. தோசைக்கல்லில் மாவை ஊற்றின நேரம் பார்த்து ஹெச்.எம். டீச்சரிடமிருந்து போன்.

"ஏம்மா, உங்க கடைக்கு வர்றவங்க யார் வீட்லயாவது அஞ்சு வயசுப் புள்ள இருக்கா? இன்னும் எங்கயும் சேக்காத புள்ள?"

நான் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவள். யூரியா வாங்க வருகிறவரிடம் எத்தனை மூட்டை என்று கேட்பேன். எத்தனை பிள்ளை என்று கேட்டதில்லை. ஆனாலும் டீச்சரின் அவசரம் எனக்குப் புரிந்தது. 2024 ஆகஸ்டில் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராக்கி உட்காரவைத்துவிட்டார்கள். பெற்றோராக இருக்க வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும், வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லத் தெரியாதவளாக இருக்க வேண்டும். மூன்று தகுதியும் அன்றைக்கு ஒருசேர எனக்குத்தான் இருந்தது. மகள் இப்போது நாலாம் வகுப்பு. தலைவரான பிறகு நான் கற்ற முதல் பாடம் இது: எங்கள் பள்ளியின் தலையெழுத்தை ஆகஸ்ட் 1-ஆம் தேதி வருகைப் பதிவேட்டில்தான் எழுதுகிறார்கள்.

அந்த ராத்திரி எங்கள் பதிவேட்டில் 60 பிள்ளைகள்.

தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. 91-ஐத் தொட்டால் நாலு. 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிற கணக்கு இது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலையை எண்ணிப் 'பணியாளர் நிர்ணயம்' செய்கிறார்கள். எண்ணிக்கைக்கு மேலே இருக்கிற ஆசிரியருக்கு 'உபரி' என்று பெயர். உபரியானவரை ஆள் குறைவாக இருக்கிற இன்னொரு பள்ளிக்கு மாற்றுவதற்குப் பெயர் 'பணிநிரவல்'. எங்களிடம் ஹெச்.எம். டீச்சரையும் சேர்த்து மூன்று பேர். 61-க்கு ஒரு பிள்ளை குறைந்தாலும் ஒரு டீச்சர் போய்விடுவார். அஞ்சு வகுப்பை இரண்டு பேர் மேய்க்க வேண்டும்.

தலைவராவதற்கு முன்னால், அரசாங்கம் பிள்ளைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் அனுப்பும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரி புத்தி! உள்ளே போய்ப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அரசு பள்ளிக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பதில்லை, பணியிடம் கொடுக்கிறது. பணியிடத்தின் பின்னால்தான் பணம் வருகிறது. அதுவும் பள்ளியின் கையைத் தொடாமல் கருவூலத்திலிருந்து நேரே ஆசிரியரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இடைநிலை ஆசிரியர் ஒருவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். அகவிலைப்படியும் மற்றதும் சேர்த்தால், புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ நாலு லட்சம். மூத்தவர்களுக்கு அதைவிட எவ்வளவோ கூட.

ஆக, ஜூலை 29-ஆம் தேதி ராத்திரி டீச்சர் தேடியது நாலு லட்சம் ரூபாய்ப் பிள்ளையை.

இதை வீட்டில் சொன்னபோது என் மாமியார், "நாலு லச்சமா? அப்ப நம்ம புள்ளையும் அவ்ளோ பெறுமா?" என்றார். இல்லை அத்தை, அது முதல் 60-இல் ஒன்று. விலை 61-வதுக்குத்தான்.

இனி பள்ளியின் கைக்கே வருகிற பணம். அதற்கு 'பள்ளி மானியம்' என்று பெயர். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே, ஆபீஸில் எல்லாரும் 'சமக்ரா சிக்ஷா' என்று சொல்வார்கள், அதிலிருந்து வருவது. திட்ட விதிப்படி 30 பிள்ளை வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. அதற்கு மேலே ஒரு லட்சம். தொடக்கப் பள்ளிக்கு நூலகத்துக்கு 5,000, விளையாட்டுச் சாமானுக்கு 5,000 தனி.

எங்களுக்கு 25,000. பிள்ளைக்கு 400 ரூபாய்ச் சொச்சம். பள்ளி நடக்கிற நாட்களால் வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்கூட வராது. சாக்பீஸ், பதிவேடு, பினாயில், துடைப்பம், குழாய் ரிப்பேர், மின்விசிறி ரிப்பேர், சுண்ணாம்பு எல்லாம் இதற்குள்தான். இதில் பத்தில் ஒரு பங்கைச் சுத்தத்துக்கு என்று ஒதுக்க வேண்டும்.

அந்தப் பணமும் நம் கணக்கில் விழுந்து கிடக்காது. முன்பெல்லாம் தலைமையாசிரியரும் தலைவரும் கையெழுத்துப் போட்டுக் காசோலை எடுத்தார்கள். இப்போது மாநிலத்துக்கு ஒரே மையக் கணக்கு. பள்ளிக்கு வருவது 'இவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம்' என்ற வரம்பு. கணினியில் பதிந்து, 'பி.பி.ஏ.' என்று ஒரு தாளை எடுத்து, கையெழுத்துப் போட்டு வங்கிக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் கணக்குக்குப் போகும். மார்ச் 31-க்குள் செலவழிக்காவிட்டால் வரம்பு காலி. முறைகேட்டைத் தடுக்கிற ஏற்பாடு என்கிற வகையில் கணக்கு எழுதுகிறவளாக எனக்கு இது பிடிக்கும். ஆனால் சாக்பீஸ் ஜூன் மாதம் வேண்டியிருக்கிறது, வரம்பு மார்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் எங்கள் பள்ளிக்கு நிதி கொடுப்பது டீச்சரின் கைப்பை. ரசீதையெல்லாம் ஒரு பழைய டயரியில் ஊசி குத்தி வைத்திருக்கிறார். நான் முதன்முதலில் பார்த்த அரசுக் கணக்கு அந்த டயரிதான்.

*

எங்கள் குழுவின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் சேருகிற வரைக்கும் எனக்கு வேலை சுவர்களைப் படிப்பது. எங்கள் பள்ளியில் நாலு கல்வெட்டு இருக்கிறது.

ஓட்டுக் கட்டடத்தின் நிலைப்படிக்கு மேலே பாதி அழிந்த எழுத்தில் 'ஊர்ப் பொதுமக்கள் நன்கொடை' என்று இருக்கும். அடுத்த கட்டடத்தில் ஒரு பென்சில் மேல் பையனும் பெண்ணும் உட்கார்ந்து சவாரி போகிற படம். அது 2001-இல் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் சின்னம், மத்திய மாநிலக் கூட்டுப் பணம். மூன்றாவது வகுப்பறை நபார்டு வங்கியின் கடனுதவியில் கட்டியது. தண்ணீர்த் தொட்டி சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.எல்.ஏ. பெயர் பெரிய எழுத்தில், தொகை சின்ன எழுத்தில். நாலு கல்வெட்டுக்கும் நாலு வழியாகப் பணம் வந்திருக்கிறது. எந்தக் கல்வெட்டிலும் பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதவில்லை.

அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு ஐப்பசி மழை தேவைப்பட்டது. மூன்றாம் வகுப்புக் கூரை ஒழுகியது. குழுவில் தீர்மானம் போட்டு பி.இ.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோனேன், அதாவது வட்டாரக் கல்வி அலுவலகம். அங்கிருந்த எழுத்தர் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "கட்டடம் எங்களுது இல்லீங்களே, யூனியனோடது" என்றார். பி.டி.ஓ. ஆபீஸ், அதாவது ஒன்றிய அலுவலகம் போனேன். "மதிப்பீடு போடணும்மா. இன்ஜினியர் வந்து பாப்பாரு. பள்ளிக்கூடத்துல இருந்து பி.இ.ஓ. மூலமா கடிதம் வரணும்."

எங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்தாலே இந்தக் கதை தெரிந்துவிடும். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.' ஒரு காலத்தில் ஆசிரியர்கள் ஒன்றியத்தின் ஊழியர்கள். 1981 ஜூன் 1 முதல் அவர்களை அரசு ஊழியர்களாக்கினார் எம்.ஜி.ஆர். சம்பளம் மாநிலக் கருவூலத்துக்குப் போயிற்று, பெயரும் கட்டடமும் ஒன்றியத்தோடு நின்றுவிட்டன. நாற்பத்துநாலு ஆண்டுகளாக டீச்சர் ஒரு துறை, கூரை ஒரு துறை. புதுக் கட்டடம் வேண்டுமென்றால் ஊரக வளர்ச்சித் துறையின் 'குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம்' இருக்கிறது. அது புதிதாகக் கட்டுவதற்கும் பெரிய மராமத்துக்கும். நாலு ஓடு மாற்றுவதற்கு அவ்வளவு நீளப் பெயர் உள்ள திட்டத்தை எழுப்ப முடியாது. (கூரை சரியானது, அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால். கோடையில் ஒழுகாமல் பார்த்துக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம்.)

இரண்டு ஆபீஸோடு முடிந்துவிடவில்லை. மூன்றாவதாக வட்டார வள மையம், பி.ஆர்.சி. மானியமும் பயிற்சியும் அங்கிருந்து. சத்துணவு சமூக நலத்துறை. சீருடை தைப்பதும் அந்தத் துறையின் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் கிடைக்கிற மிதிவண்டி பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கணக்கில். பஸ் பாஸுக்கான மானியம் போக்குவரத்துத் துறையில். பாடப்புத்தகம் அச்சடிப்பது பாடநூல் கழகம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் மதுரை, தேனிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையிலேயே இல்லை, வேறு துறைகளில் இருக்கின்றன.

சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு மானியக் கோரிக்கை எண் உண்டு. பள்ளிக் கல்விக்கு 43. சமூக நலத்துக்கு 45. நம் பிள்ளை காலையில் உப்புமா சாப்பிட்டு, சீருடை போட்டு, புத்தகத்தைத் திறந்து, மத்தியானம் முட்டை சாப்பிட்டு வீட்டுக்கு வருவதற்குள் சட்டமன்றத்தில் பல நாட்கள் விவாதித்து ஒப்புதல் கொடுத்த பல கோரிக்கைகளின் வழியே நடந்துவிடுகிறது. ஆகையால் 'தமிழ்நாடு பள்ளிக் கல்விக்கு 2025-26-இல் 46,767 கோடி ரூபாய் ஒதுக்கீடு' என்று பேப்பரில் படித்தால், அதில் முட்டையும் சைக்கிளும் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. அரசின் மொத்தச் செலவில் நூற்றுக்குப் பத்து ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. 37 ஆயிரத்துக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளும், எட்டாயிரத்துக்கு மேற்பட்ட உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் சம்பளமும் இதற்குள் வருகின்றன. பெரும்பங்கு சம்பளம்தான். அதில் எனக்குக் குறை இல்லை. டீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தில் நபார்டு கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எங்கள் பள்ளியில் மிச்சமிருக்கிற 60 பிள்ளைகளில் பாதிப் பேரைப் பிடித்துவைத்திருப்பது அந்த அடுப்படி என்று நான் நம்புகிறேன். பகல் உணவுக்கு அரிசி மத்தியத் தொகுப்பிலிருந்து இலவசமாக வருகிறது. அரிசி போக பருப்பு, காய், எண்ணெய், மசாலா, எரிபொருளுக்கு மத்தியத் திட்டம் நிர்ணயித்த தொகை, தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 2025 மே மாதத்திலிருந்து 6 ரூபாய் 78 காசு. அதில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. அதுவும் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பது, பத்துக்கு முழுச் செலவும் மாநிலம். வாரம் அஞ்சு நாளும் போடுகிற முட்டை மாநிலத்தின் காசு. காலை உணவு முழுக்க மாநிலத்தின் காசு. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிவைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த திட்டம் அது. எங்கள் ஊரில் சுயஉதவிக் குழுப் பெண்கள் மூன்று பேர் ஆறு மணிக்கே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறார்கள்.

60-க்கு 40 என்ற இந்தப் பங்கு எனக்கு வேறொன்றை ஞாபகப்படுத்துகிறது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது ஊரே சோறு போட்டது. பிறகு அரசுத் திட்டமானபோது அரசு 60, ஊர் 40 என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த 40-ஐத் தரத்தான் வீட்டுக்கு வீடு பிடியரிசிப் பானை வைத்தார்கள். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தபோது அரசே முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. கஜானா தாங்காது என்று அப்போது சொல்லாதவர்கள் குறைவு. கஜானா இருக்கிறது, சத்துணவும் இருக்கிறது.

*

இனி டெல்லி கதை. இதை எழுதாமல் இந்தப் பதிவை முடித்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஓவிய சார் என்னோடு பேசமாட்டார்.

சமக்ரா சிக்ஷா 2018-இல் வந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்விக்கான இயக்கம், ஆசிரியர் பயிற்சி மூன்றையும் ஒன்றாகக் கட்டினார்கள். செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. ஆண்டுத் தொடக்கத்தில் மாநிலம் ஒரு வேலைத்திட்டம் எழுதி டெல்லிக்குக் கொண்டுபோகும். அங்கே திட்ட ஒப்புதல் வாரியம் வரிவரியாகப் பார்த்துச் சரி சொல்லும். 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான தொகை 3,586 கோடி. டெல்லியின் பங்கு 2,152 கோடி. அந்த ஆண்டில் அந்த 2,152 வரவில்லை.

காரணம் 'பி.எம். ஸ்ரீ' என்ற இன்னொரு திட்டம். 2022-இல் அறிவித்தது. நாடு முழுக்க 14,500-க்கு மேற்பட்ட பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்கும் திட்டம். அதில் சேர ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தில் 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக நிறைவேற்றுவோம் என்று ஒரு வரி. தமிழ்நாடு 2024 மார்ச்சில் கையெழுத்திட விருப்பம் தெரிவித்துக் கடிதம் எழுதியது. பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பியது. டெல்லி ஏற்கவில்லை. ஒரு திட்டத்தில் சேராததற்கு வேறொரு திட்டத்தின் பணம் நின்றது. மொத்தத்தையும் மாநிலமே போட்டுச் சமாளிப்பதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் சொன்னார்கள். மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டு வழக்குப் போட்டார்கள்.

அந்தக் கல்விக் கொள்கை கிளப்பிய மொழிச் சண்டைக்குள் நான் போகவில்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு வரி போதும்: பாக்கி வைத்திருப்பவர், 'நீ என் இன்னொரு கடையிலும் சரக்கு எடுத்தால்தான் பழைய பாக்கியைத் தருவேன்' என்று சொன்னால் எங்கள் முதலாளி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

ஆனால் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. 44,042 கோடியில் 2,152 கோடி என்பது இருபதில் ஒரு பங்கு. அது நின்றதும் ஏன் இவ்வளவு ஆட்டம்? மீதிப் பணத்தின் பெரும்பகுதி பணியிடங்களோடு கட்டிக் கிடக்கிறது, அசைக்க முடியாது. அசையக்கூடிய பணமெல்லாம் இந்தத் திட்டத்துக்குள். பள்ளி மானியம், ஆசிரியர் பயிற்சி, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், வள மையங்கள், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களில் சேர்ந்த பிள்ளைகளின் கட்டணம், பகுதிநேர ஆசிரியர்கள்.

ஓவிய சார் பகுதிநேர ஆசிரியர். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் 2012-இலிருந்து இருக்கிறார். அந்த ஆண்டு ஓவியம், உடற்கல்வி, தையல் என்று 16 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இதை எழுதுகிற 2025 நவம்பரில் 12,500-இல் நிற்கிறது. 2025 வரைக்கும் மே மாதம் சம்பளம் கிடையாது. பள்ளிக்கு விடுமுறையாம். வயிற்றுக்குமா என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. மே மாதத்தில் சார் கடைப் பலகை எழுதுவார். எங்கள் உரக்கடைப் பலகை அவர் எழுதியதுதான். நெற்கதிரை அவ்வளவு உயிரோடு வரைந்திருப்பார்.

இங்கேதான் எனக்கு டெல்லியோடு மட்டும் கோபப்பட முடியவில்லை. ஓவியமும் விளையாட்டும் பிள்ளைக்கு நிரந்தரத் தேவை. அதைப் பதின்மூன்று வருஷமாகத் தற்காலிகக் கணக்குத் தலைப்பில் வைத்திருப்பது சென்னையில் இருக்கிறவர்கள்தான். எந்தக் கட்சி ஆண்டபோதும் 'இது திட்டப் பணம், பணியிடம் இல்லை' என்ற ஒரே பதில். கூரையைச் சுமக்கிற தூணை வாடகைக்கு எடுத்து நிறுத்திவிட்டு, வாடகை பாக்கி விழுந்ததும் வீடு ஆடுகிறதே என்று அலறுகிற மாதிரி இருக்கிறது. பள்ளியைச் சுத்தம் செய்கிற அம்மாவும் அப்படித்தான். அவர் கூலி ஊரக வளர்ச்சித் துறை வழியாக வருகிறது, வருகிறபோது. கழிப்பறை மட்டும் தினமும் அழுக்காகிறது.

25 விழுக்காட்டைப் பற்றியும் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துப் பிள்ளை தனியார் பள்ளியில் எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ சேர்ந்தால் அரசு கட்டணம் கட்டும். 2025-26-க்குப் பணச் சிக்கலில் சேர்க்கை ஜூன் தாண்டி, வழக்கெல்லாம் நடந்து, அக்டோபரில்தான் திறந்தது. எங்கள் தெருவிலேயே முந்தைய ஆண்டுகளில் அப்படிச் சேர்ந்த நாலு பிள்ளைகள் காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேனில் ஏறிப் போகின்றன. பெற்றவர்களைக் குறை சொல்லமாட்டேன், என் தங்கச்சி பிள்ளையும் அதில் ஒன்று. ஆனால் அந்த வேன் போன பத்து நிமிஷத்தில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு 61-வது பிள்ளையைத் தேடிப் போகிறேன். இரண்டுக்கும் காசு ஒரே அரசாங்கத்துடையது.

*

"எங்க இருந்து வருது இவ்ளோ காசும்?" என்று கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார். பேரனுக்காக வருகிறவர். நான் பெரிய மனுஷியாகப் பதில் சொன்னேன்: மாநிலத்தின் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு அதன் சொந்த வரி, நாம் வாங்குகிற சோப்பிலிருந்து பத்திரப் பதிவு வரைக்கும். மீதியில் பெரும்பகுதி மத்திய வரியில் வருகிற பங்கும் மானியமும். வருமான வரியோடு நூற்றுக்கு நாலு என்று டெல்லி வாங்குகிற சுகாதார, கல்வி மேல்வரி இருக்கிறது. பெயரில் கல்வி இருந்தாலும் மேல்வரியை மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதில்லை.

பாட்டி முழுதும் கேட்டுவிட்டு, "கடைக் காசு?" என்றார்.

கடை என்றால் எந்தக் கடை என்று எங்கள் ஊரில் விளக்க வேண்டாம். 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48 ஆயிரம் கோடிக்கு மேல். அதே ஆண்டு பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியதைவிடக் கூடுதல். அந்தப் பணம் இந்தச் செலவுக்கு என்று யாரும் முடிச்சுப் போட்டு வைக்கவில்லை, எல்லாம் ஒரே பானை. பாட்டிக்கு அந்த விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "அப்ப எங்க வீட்டு ஆளு புள்ளைக்குச் சோறு போட்டுத்தான் இருக்கான்" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நன்கொடை கேட்கலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். அதற்கும் பழைய வழி உண்டு. 1953-இல் ராஜாஜி அரைநாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தபோது சொன்ன காரணங்களில் பணப் பற்றாக்குறையும் ஒன்று. காமராஜர் வந்து அதைக் கைவிட்டார், பற்றாக்குறை மட்டும் கூடவே வந்தது. அப்போதுதான் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். பெஞ்சு, கடிகாரம், நிலம் என்று மக்கள் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் ஓட்டுக் கட்டடம் அந்தக் காலத்துக் கொடை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' அதன் இணையதளப் பதிப்பு. முன்னாள் மாணவர் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற ஊருக்கு நல்ல திட்டம். எங்கள் முன்னாள் மாணவர்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வந்தபோது இரண்டு பேர் சேர்ந்து மின்விசிறி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சரி, அந்த 61-வது பிள்ளை.

ஜூலை 31 மத்தியானம் கடையில் ஒரு அம்மா பூச்சிமருந்துக்கு நின்றார். கூடவே பேரன், எட்டு வயதிருக்கும், பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் பாட்டி சேலையைப் பிடித்துக்கொண்டு. விசாரித்தால், அப்பாவும் அம்மாவும் திருப்பூர் போய்விட்டார்கள், பையன் இனிமேல் எங்கள் ஊரில் பாட்டி வீட்டில். மூன்று கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊரில் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு வாரமாகப் பள்ளி போகவில்லை. முதலாளியிடம் அரைமணி நேரம் அனுமதி கேட்டு, பையனையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம். டீச்சர் எமிஸ் என்கிற மாணவர் பதிவு இணையதளத்தில் அவனைத் தேடி, பழைய பள்ளிக்குப் போன் செய்து விடுவிக்கச் சொல்லி, எங்கள் பக்கம் சேர்த்து முடிக்கும்போது சாயங்காலம் அஞ்சு. அறுபத்தொன்று. மூன்றாவது டீச்சர் அழுதேவிட்டார்.

கடைக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. டீச்சரைக் கூப்பிட்டு, "அந்தப் பள்ளிக்கூடத்துல மொத்தம் எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "முப்பத்தொண்ணு இருந்துச்சு" என்றார்.

31 என்றால் 25,000. 30 என்றால் 10,000.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பள்ளித் தலைமையாசிரியை கடைக்கு வந்தார், வீட்டுத் தென்னைக்கு வேப்பம்புண்ணாக்கு வாங்க. நான் தலைவர் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரசீது போடும்போது தலையைத் தூக்கவில்லை நான். அவராகவே பைக்குள் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவன் நோட்டு. அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டான். நல்லா வரைவாங்க, பாத்துக்கங்க."